களவு போன கிரிப்டோ: தடம் தெரிகிறது, காசு எந்தக் கதவில் நிற்கிறது?

கிரிப்டோ நாணயத்தில் காசைப் பறிகொடுத்தவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "அது இப்ப எங்க நிக்குது எண்டு பாக்கேலுமா?" என்பதுதான். பார்க்க ஏலும். பெரும்பாலான வேளைகளில் ஒரு கைத்தொலைபேசியும் அரை மணி நேரமும் போதும். இரண்டாவது கேள்வி, "அப்ப திருப்பி எடுக்கேலுமா?" என்பது. அதற்கான பதில் நீளமானது. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அந்த இரண்டாவது பதிலைப் பற்றியது.

நான் ஒருகொடவத்தையில் இருப்பவன். துறைமுகத்துக்கு வரும் சரக்கைச் சுங்கத்தில் விடுவித்துக் கொடுக்கும் ஒரு சிறு நிறுவனத்தில் கணக்கு எழுதுவது தொழில். புளொக்செயின் பதிவேட்டை வாசிப்பதை வேலை நேரத்துக்குப் பிறகு நானாகவே பழகிக்கொண்டேன். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அறை எடுத்துத் தங்கியிருக்கும் வடக்கு, கிழக்கு ஆட்கள் சிலர், ஒருவர் சொல்லி ஒருவராக என்னிடம் தங்கள் தொலைபேசியைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். பேராசையில் இழந்தார்கள் என்று வெளியில் இருந்து சொல்வது சுலபம். நான் பார்த்தவரையில் அது வெளிநாட்டில் இருந்து சகோதரம் அனுப்பிய காசு, சீட்டெடுத்த காசு, மிஞ்சியிருந்த நகையை அடகு வைத்த காசு. போரில் ஒருமுறை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வந்து, பிறகு பத்துப் பதினைந்து வருடமாகச் சேர்த்தது.

பதிவேடு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு எங்கள் ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. துறைமுகத்தில் இருந்து பரிசோதனைக்காக ஒருகொடவத்தைச் சுங்க முற்றத்துக்கு வரும் ஒவ்வொரு கொள்கலனின் உடம்பிலும் 4 எழுத்தும் 7 இலக்கமும் கொண்ட குறியீடு எழுதப்பட்டிருக்கும். உள்ளே என்ன இருக்கிறது, சரக்கு யாருடையது என்று அந்தக் குறியீட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் அது எந்த வாசலை எத்தனை மணிக்குத் தாண்டியது என்பதற்குப் பதிவு உண்டு. 2025 ஜனவரியில் 323 கொள்கலன்கள் பரிசோதனை இல்லாமல் விடுவிக்கப்பட்ட விவகாரத்தில் நாடே மாதக்கணக்காக வாதிட்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எண்ணிக்கை தெரியும். உள்ளே என்ன இருந்தது, யார் அனுமதித்தார்கள் என்பதில்தான் வாதம். கிரிப்டோவிலும் இதே நிலைமைதான். வித்தியாசம் என்னவென்றால், இந்த வாசல் புத்தகத்தை உலகில் யாரும் திறந்து வாசிக்கலாம். ஏற்கனவே எழுதியதை யாரும் கிழித்தெறிய முடியாது.

அந்தப் புத்தகத்தின் ஒவ்வொரு வரியிலும் அனுப்பிய முகவரி, பெற்ற முகவரி, தொகை, நேரம் ஆகியவற்றோடு 64 எழுத்துகள் கொண்ட பரிவர்த்தனை இலக்கம் ஒன்றும் இருக்கும். டிரொன் வலையமைப்பில் நடந்ததை டிரொன்ஸ்கானிலும், எதேரியத்தில் நடந்ததை எதர்ஸ்கானிலும் பார்க்கலாம். பதிவு செய்யத் தேவையில்லை, கட்டணமும் இல்லை. முகவரியை ஒட்டித் தேடினால் வரிசையாக விழும்.

எங்கள் ஆட்களுக்கு உண்டியல் தெரியும். உண்டியலில் போன காசுக்கு இருக்கும் ஒரே சாட்சி முகவரின் கொப்பியும் ஒரு தொலைபேசி அழைப்பும்தான். கிரிப்டோவும் உண்டியல் மாதிரி இரகசியமானது என்று பலர் நினைக்கிறார்கள். கள்வர்களிலும் சிலர் அப்படி நினைத்து மாட்டியிருக்கிறார்கள். அதில் பெயர் கிடையாது, அவ்வளவுதான். தடம் முழுக்க இருக்கிறது.

பிட்கொயினின் முதல் பதிவு 2009 ஜனவரி 3ஆம் திகதியிடப்பட்டது. கிளிநொச்சி படையினரின் கைக்குப் போனதற்கு மறுநாள். அன்று தொடக்கம் அந்தப் பதிவேட்டில் கைமாறிய ஒவ்வொரு துண்டையும் இன்றைக்கும் வாசிக்கலாம். அதே மாதங்களில் வன்னியில் எங்கள் சனம் விட்டுவந்த நகைக்கும், காணி உறுதிக்கும், கையளித்த பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு பதிவேடு இல்லை. கட்டுரைக்கு இது அவசியமில்லை. எழுதாமல் விட மனம் வரவில்லை.

பெயர் இல்லாத முகவரிக்குப் பெயர் எப்படி வருகிறது? இதை முறையாகச் செய்து காட்டியவர்களில் முக்கியமானவர் சாரா மைக்கிள்ஜோன். 2013இல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வுக்காக, தாங்களே எக்ஸ்சேஞ்ச்களில் கணக்குத் திறந்து, கடைகளில் பிட்கொயின் கொடுத்துச் சாமான் வாங்கி, 344 பரிவர்த்தனைகளைச் செய்தார்கள். ஒரு கடைக்குக் காசு கொடுத்தால் அந்தக் கடையின் ஒரு முகவரி தெரிந்துவிடும். பிறகு அந்தக் கடை பல முகவரிகளில் கிடக்கும் சில்லறையை ஒன்றாகச் சேர்த்து ஒரே கொடுப்பனவாக அனுப்பும்போது, அந்த எல்லா முகவரிகளின் சாவியும் ஒரே கையில் இருந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். இப்படி ஒன்றைப் பிடித்து ஆயிரத்தை அடையாளம் காண்பதுதான் தொழிலின் அடிப்படை. செயினலிசிஸ், எலிப்டிக், ரி.ஆர்.எம். லாப்ஸ் போன்ற நிறுவனங்கள் இதைப் பெரிய அளவில் செய்து, எந்த முகவரி எந்த எக்ஸ்சேஞ்சினுடையது என்ற பெயர்ப்பட்டியலை வைத்திருக்கின்றன. பொலிஸாரும் வங்கிகளும் அவர்களிடம் விலை கொடுத்து வாங்குவது பெரும்பாலும் அந்தப் பட்டியலைத்தான். தடம் எல்லோருக்கும் இலவசம், பெயருக்குத்தான் விலை.

ஒரு சம்பவத்தைச் சொன்னால் விளங்கும். வெள்ளவத்தையில் தங்கி வேலை செய்யும் கிளிநொச்சிப் பக்கத்து அக்கா ஒருவர். கணவர் 2009இல் இல்லாமல் போனவர். வீடு திருத்த என்று தம்பி அனுப்பிய காசை, வட்ஸ்அப் குழு ஒன்றில் அறிமுகமான ஒரு "ட்ரேடிங்" செயலியில் போட்டிருந்தார். ரூபாவை ஒரு தனியாளின் வங்கிக் கணக்குக்கு அனுப்பி, பதிலுக்கு யூ.எஸ்.டி.ரி. வாங்கி, செயலி காட்டிய முகவரிக்கு ஆறு தடவையாக அனுப்பியிருக்கிறார். செயலியில் இலாபம் ஏறிக்கொண்டே இருந்தது. எடுக்கப் போனபோது "வரி" கேட்டார்கள். அதோடு விளங்கிவிட்டது.

அவருடைய ஆறு அனுப்புகைகளும் டிரொன்ஸ்கானில் அப்படியே இருந்தன. ஆறும் இரண்டு முகவரிகளுக்குப் போயிருந்தன. ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குள் மூன்றாவது முகவரி ஒன்றுக்கு நகர்ந்திருந்தது. அந்த மூன்றாவது முகவரியைத் திறந்தபோது அக்கா சற்றுநேரம் பேசவில்லை. அவருடையதைப் போன்ற சிறு தொகைகள், 50, 120, 300 டொலர் என்று, பக்கம் பக்கமாக வந்து விழுந்திருந்தன. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு வீடு. அங்கிருந்து பெருந்தொகைகளாகப் பிரிந்து, இரண்டு கைமாறி, ஒரு பெரிய எக்ஸ்சேஞ்சின் வைப்பு முகவரிக்குப் போயிருந்தது.

அது வைப்பு முகவரி என்று தெரிந்துகொண்டது இப்படித்தான். எக்ஸ்சேஞ்ச்கள் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனி முகவரி கொடுக்கும். அதில் விழும் காசைச் சிறிது நேரத்தில் தங்கள் பொது வொலட்டுக்கு இழுத்துவிடும். பொது வொலட்டுக்கு டிரொன்ஸ்கானே பெயர் போட்டுக் காட்டும். ஆகவே அந்தப் பொது வொலட்டுக்கு மாத்திரமே காசு அனுப்பும் முகவரி ஒன்றைக் கண்டால், அது அந்த எக்ஸ்சேஞ்சின் ஏதோ ஒரு வாடிக்கையாளருடையது. அந்த வாடிக்கையாளரின் கடவுச்சீட்டுப் படமும் முகப் படமும் எக்ஸ்சேஞ்சிடம் இருக்கும். அதைக் கேட்டு வாங்க எனக்கோ அக்காவுக்கோ அதிகாரம் கிடையாது. பொலிஸுக்கும் நீதிமன்றத்துக்கும் உண்டு. தடம் பிடிப்பதன் பயன் அந்தக் கதவு எது என்று காட்டிக் கொடுப்பதோடு முடிகிறது. தட்ட வேண்டியது வேறு ஆட்கள்.

செயலி காட்டிய "இலாபம்" எந்தப் புளொக்செயினிலும் இருக்கவில்லை. அது வெறும் திரையில் எழுதிய எண். மத்திய வங்கி, தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்கள் என்று பெயர் குறிப்பிட்டு வெளியிட்ட பட்டியலில் எம்.ரி.எஃப்.ஈ., ஒன்மெக்ஸ் டிடி, ஸ்போர்ட் செயின் ஆகியவை உண்டு. இந்த மாதிரித் திட்டங்களைச் சோதிக்க ஒரு சின்ன வழி: உங்கள் கணக்கில் ஏறியதாகக் காட்டும் தொகைக்குப் பரிவர்த்தனை இலக்கம் தரச் சொல்லிக் கேளுங்கள். தரமாட்டார்கள். நீங்கள் போட்ட காசுக்கு மட்டும்தான் இலக்கம் இருக்கும்.

கதவு திறந்த சந்தர்ப்பங்களும் உண்டு. பிட்பினெக்ஸ் எக்ஸ்சேஞ்சில் இருந்து 2016 ஓகஸ்டில் 119,754 பிட்கொயின்கள் களவு போயின. அதில் பெரும்பகுதி வருடக்கணக்காக அசையாமல் ஒரே இடத்தில் கிடந்தது. முழு உலகமும் பார்த்துக்கொண்டிருந்தது. கள்வர் அதில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துச் செலவழித்த சில்லறையின் தடம்தான் நியூயோர்க் தம்பதியினரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. 2022 பெப்ரவரியில், ஒன்லைன் சேமிப்பில் பூட்டி வைத்திருந்த ஒரு கோப்பைத் திறந்து சாவிகளை எடுத்து, ஏறத்தாழ 94,000 பிட்கொயின்களை அமெரிக்க அதிகாரிகள் கைப்பற்றினார்கள்.

யூ.எஸ்.டி.ரி.க்கு இன்னொரு கதவும் இருக்கிறது, இது எங்கள் ஆட்களுக்குக் கூடுதலாகப் பொருந்தும். பிட்கொயினை யாரும் முடக்க முடியாது. யூ.எஸ்.டி.ரி.யை வெளியிடும் டெதர் நிறுவனம், குறித்த முகவரியில் இருப்பதை அசையவிடாமல் முடக்கலாம். தென்கிழக்காசிய மோசடிக் கும்பல்களோடு தொடர்புபட்ட 225 மில்லியன் டொலர் பெறுமதியான யூ.எஸ்.டி.ரி. 2023 நவம்பரில் இப்படி முடக்கப்பட்டது. மியன்மாரின் மியாவாடி முகாம்களில் எங்கள் நாட்டு இளைஞர்களையும் அடைத்து வைத்துச் செய்வித்த வேலை இதே வகை மோசடிதான். அங்கே அகப்பட்டு மீட்கப்பட்டவர்கள் திரும்பி வந்து சொன்ன கதைகள் செய்திகளில் வந்தன. ஒரு முனையில் ஏமாற்றப்பட்டவர், மறுமுனையில் அடைக்கப்பட்டவர். இரண்டு பேரும் சிலவேளை ஒரே ஊர்க்காரராகவும் இருக்கலாம்.

இனி, கதவு திறக்காத கதை. 2025 பெப்ரவரி 21ஆம் திகதி பைபிட் எக்ஸ்சேஞ்சில் இருந்து ஏறத்தாழ 1.5 பில்லியன் டொலர் பெறுமதியான எதேரியம் களவாடப்பட்டது. ஐந்து நாளில் வடகொரியாவின் வேலை என்று எஃப்.பி.ஐ. பெயர் சொல்லிவிட்டது. ஏப்ரலில் பைபிட்டின் தலைவர் பென் சோ கணக்குக் காட்டினார்: களவு போனதில் 68.57 சதவீதத்தின் தடம் தெரிகிறது, முடக்கப்பட்டது 3.84 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உலகின் தலைசிறந்த ஆட்கள், பணத்துக்குக் குறைவில்லாத நிறுவனம், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும் தடம். கைக்கு எட்டியது நூற்றில் நான்குக்கும் குறைவு. களவெடுத்தவர்கள் ஒரு வலையமைப்பில் இருந்து இன்னொன்றுக்குத் தாவினார்கள். எதேரியத்தைப் பிட்கொயினாக மாற்றினார்கள். பெயர் கேட்காத பாலங்களைப் பயன்படுத்தினார்கள்.

இந்தியாவின் வசீர்எக்ஸ் கதையும் அதே மாதிரி. 2024 ஜூலை 18ஆம் திகதி 230 மில்லியன் டொலருக்கு மேல் போனது. நான்கு கையொப்பம் விழுந்தால்தான் திறக்கும் வொலட் அது. கையொப்பமிட்டவர்கள் திரையில் பார்த்தது ஒன்று, உண்மையில் கையொப்பமிட்டது வேறொன்று. களவு போன நாணயங்கள் எதேரியமாக மாற்றப்பட்டு, டொர்னாடோ காஷ் என்ற கலக்கிக்குள் போடப்பட்டன. பலருடைய காசை ஒரே தொட்டியில் கொட்டி, வெளியே வரும்போது யாருடையது எது என்று தெரியாமல் செய்வது கலக்கியின் வேலை. 2025 ஜனவரியில் அமெரிக்கா, யப்பான், தென்கொரியா மூன்றும் கூட்டறிக்கை விட்டு வடகொரியாவைக் குற்றஞ்சாட்டின. குற்றவாளி யாரென்று தெரிந்தும் வாடிக்கையாளருக்குக் காசு அந்த வழியால் திரும்பவில்லை.

ஆனாலும் இதே வழக்கில் தடம் இன்னொரு விதத்தில் உதவியது. எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. நட்டத்தை எல்லா வாடிக்கையாளர் மீதும் பங்கு போடும் திட்டம் வந்தபோது, 3,532.30 எக்ஸ்.ஆர்.பி. நாணயம் வைத்திருந்த ஒரு பெண் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2025 ஒக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய தீர்ப்பில், கிரிப்டோ நாணயம் சொத்து, அதை ஒருவர் மற்றவருக்காகப் பொறுப்பில் வைத்திருக்கலாம் என்றார். களவு போனவை எதேரியம் வகை நாணயங்கள். இந்தப் பெண்ணுடையவை வேறு வகை. எது போனது, எது போகவில்லை என்பதைப் பொதுப் பதிவேடு பிரித்துக் காட்டும்போது, போகாத ஒன்றைப் போனதாகக் கணக்கெழுத முடியாது. அவருக்குப் பாதுகாப்பான இடைக்கால உத்தரவு கிடைத்தது. இலங்கை நீதிமன்றங்களை இது கட்டுப்படுத்தாது. ஆனால் "காற்றில் இருக்கிற காசுக்கு என்ன முறைப்பாடு" என்று கேட்கும் அதிகாரிக்குக் காட்ட ஒரு பதில் இருக்கிறது.

தடம் பொதுவில் இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்குக் கொழும்பு சம்பந்தப்பட்ட ஓர் உதாரணம். 2016 பெப்ரவரியில் வங்காளதேச மத்திய வங்கியின் நியூயோர்க் கணக்கில் இருந்து 101 மில்லியன் டொலர் வெளியேறியது. அதையும் பின்னர் அமெரிக்கா வடகொரியக் கும்பலின் கணக்கில்தான் சேர்த்தது. 20 மில்லியன் டொலர் கொழும்பில் பான் ஏசியா வங்கிக்கு, ஷாலிகா என்ற பெயரில் இருந்த ஓர் அமைப்பின் கணக்குக்கு வந்தது. "பவுண்டேஷன்" என்ற சொல்லைப் பிழையாக எழுதியிருந்ததால் இடையில் இருந்த வங்கிக்குச் சந்தேகம் வந்து, அந்தக் காசு மீண்டது. மற்ற 81 மில்லியன் மணிலாவில் சூதாட்ட விடுதிகளுக்குள் போனது. அதில் பெரும்பகுதியின் தடம் அங்கேயே அழிந்தது. அந்த 20 மில்லியனைக் காப்பாற்றியது, சரியான நேரத்தில் ஒரு கதவில் நின்ற மனிதரின் சந்தேகம். கிரிப்டோவிலும் இதுதான் தேவை, ஆனால் நேரம் நாள்கணக்கில் இல்லை, மணிக்கணக்கில். அக்கா என்னிடம் வந்தது பதினொரு நாள் கழித்து.

ஏன் பதினொரு நாள்? வெட்கம் ஒரு காரணம். பயம் இன்னொன்று, அதைப் பற்றித்தான் வெளிப்படையாகப் பேச வேண்டும். வெளிநாட்டில் இருந்து காசு வந்தது என்று பொலிஸ் நிலையத்தில் சொன்னால் "யார் அனுப்பினது, எதுக்கு அனுப்பினது" என்ற விசாரணை தன் பக்கம் திரும்பிவிடும் என்று எங்கள் ஆட்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மோசடிக்காரரும் அதைத் தெரிந்துதான் எங்களிடம் வருகிறார்கள்.

ஆகவே சட்டநிலையைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. கிரிப்டோ இங்கே ஒழுங்குபடுத்தப்படாதது, சட்டபூர்வ நாணயம் அல்ல என்று மத்திய வங்கி 2018 தொடக்கம் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. வங்கி அட்டைகளால் கிரிப்டோ வாங்க 2021ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிப் பணிப்புரை இடம் தருவதில்லை. ஆனால் ஏமாற்றப்பட்டவர் முறைப்பாடு செய்ய இவை தடையாக முடியாது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. குற்றத்தால் பெற்ற சொத்தை முடக்குவதற்கென்றே 2025ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. தம்பி வங்கி மூலம் அனுப்பியிருந்தால் அந்தப் பற்றுச்சீட்டை முறைப்பாட்டோடு சேர்த்துவிடுங்கள். கேள்வி வருமுன் பதில் அங்கே இருக்கும்.

முறைப்பாட்டை பொலிஸ் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்றப் புலனாய்வுப் பிரிவுக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு முன், அதே நாளில், யூ.எஸ்.டி.ரி. வாங்கிய எக்ஸ்சேஞ்சுக்கும், காசு போய்ச் சேர்ந்த எக்ஸ்சேஞ்ச் தெரிந்தால் அதற்கும் எழுதிவிடுங்கள். ரூபா அனுப்பிய வங்கிக்கும் சொல்லுங்கள். பரிவர்த்தனை இலக்கங்களை ஸ்கிரீன்ஷொட்டாக மட்டும் வைக்காமல் எழுத்தாகவும் பிரதி எடுங்கள். 64 எழுத்தைப் படத்தைப் பார்த்துத் திரும்ப அடிக்க எந்த அதிகாரிக்கும் பொறுமை இருக்காது. வட்ஸ்அப் உரையாடலை ஆத்திரத்தில் அழிக்காதீர்கள். செயலியையும் நீக்காதீர்கள்.

இதற்கிடையில் இன்னொரு கூட்டம் வரும். அக்காவுக்கும் வந்தது. டெலிகிராமில் ஒருவர், சட்டத்தரணியின் படம் போட்டு, தங்களிடம் புளொக்செயின் நிபுணர்கள் இருப்பதாகவும் 800 டொலர் கட்டினால் பரிவர்த்தனையைத் திருப்பி எடுத்துத் தருவதாகவும் சொன்னார். நடந்து முடிந்த பரிவர்த்தனையை யாராலும் திருப்ப முடியாது. எஃப்.பி.ஐ.யாலும் முடியாது, அவர்கள் செய்வது முடக்குவதும் சாவியைக் கைப்பற்றுவதும்தான். கட்டணம் கட்டச் சொல்லித் தந்த முகவரியை நான் டிரொன்ஸ்கானில் போட்டுப் பார்த்தேன். அதில் விழுந்த காசு போய்ச் சேர்ந்திருந்தது, அக்காவின் காசு போன அதே மூன்றாவது முகவரிக்கு. அந்தப் பக்கத்தையும் அச்செடுத்து முறைப்பாட்டோடு இணைத்தோம். முறைப்பாடு தமிழில்தான் எழுதினோம். மேல் மாகாணமாக இருந்தாலும் தமிழில் எழுதிக்கொடுக்க அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. சிங்களத்தில் எழுதிக்கொண்டு வரச் சொன்னால் அந்த இலக்கத்தைச் சொல்லுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். அந்த இலக்கம் இல்லாமல் எந்த எக்ஸ்சேஞ்சும் உங்கள் அடுத்த கடிதத்தைப் பார்க்காது.